உறையும் குருதியும் கசியும் குருதியும்

காய்ச்சல் கண்டதும் மருந்தகத்துக்குச் சென்று மாத்திரைகளை வாங்கி விழுங்குவது எம்மவரிடையே ஊறிப்போன வழக்கமாகும். கொவிட்-19 கற்றுத் தந்த பாடமொன்று அரைகுறையாக விளங்கிக்கொள்ளப்படுமாயின், இவ்வழக்கம் உயிராபத்தாகவும் முடியலாம்.

சுவாச நோயாகக் கருதப்பட்ட கொவிட்-19, குருதியையும் தாக்குமென்பது 2020ஆம் ஆண்டில் தெளிவாகியது. அவ்வருடம் நியூயோர்க் நகரின் மவுண்ட் சினாய் வைத்தியசாலைத் தொகுதியில், 50 வயதுக்குட்பட்ட ஐவர் இரு வார காலத்தினுள் பாரிசவாதத்துடன் அனுமதிக்கப்பட்டனர். ஐவருமே கொவிட் தொற்றாளர்கள். தொற்றினால் குருதிக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்பட, குருதி கட்டியாக உறைந்து நுரையீரலையும் மூளையையும் அடைக்கின்றது என்பதை மருத்துவ உலகம் கண்டுகொண்டது. வைத்தியசாலைகளில் உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது.

இச்செய்தி பரவியதும், அஸ்பிரின் உட்கொண்டால் போதும் என்ற எண்ணமும் உடன் பரவியது. ஆனால், பிரித்தானியாவில் ஏறத்தாழ 15,000 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2021இல் முடிவு வெளியான ஆய்வு, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோரின் மரணங்களை அஸ்பிரின் குறைக்கவில்லை எனக் காட்டியது.

எமது நாட்டைப் பொறுத்தவரை இதில் மற்றுமோர் அபாயம் உண்டு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இங்கு 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். டெங்குவில் குருதிச் சிறுதட்டுக்கள் வீழ்ச்சியடைகின்றன. குருதித் திரவம் குழாய்களிலிருந்து கசிகின்றது. அவ்வேளையில் அஸ்பிரினோ இபுபுரூபனோ உட்கொள்வது குருதிப்பெருக்குக்கே வழிவகுக்கும். ஒன்று குருதியை உறைய வைக்கின்றது. மற்றையது கசிய வைக்கின்றது. இரண்டுமே காய்ச்சலாகத்தான் வாசற்படி ஏறுகின்றன. முதல் நாளிலேயே எது எதுவென்று இனங்காண்பது வைத்தியர்களுக்கே கடினமெனில், வீட்டிலிருப்போர் தீர்மானிப்பது எங்ஙனம்?

ஆகவே, காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிற்றமோல் மட்டுமே போதுமானது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் குருதிப் பரிசோதனை அவசியம். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான கட்டமென்பதையும் மறந்துவிடலாகாது. இருதய நோய்க்காக ஏற்கனவே அஸ்பிரின் பாவிப்போர், அதனைத் தாமாக நிறுத்தாது வைத்தியரை நாடுவதே முறையாகும்.

மருந்தகங்களும் காய்ச்சலென வருவோருக்கு இவ்வகை மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். சுகாதாரத் துறையினர் இவ்வறிவுறுத்தல்களைத் தமிழிலும் தெளிவாக, மழைக்காலம் தொடங்கு முன்னரே, கிராமங்கள் தோறும் கொண்டுசெல்ல வேண்டுமென வலியுறுத்துகின்றோம். அரைகுறை அறிவு, அறியாமையிலும் கொடியது.