புகையல்ல, பரிசோதனை

எங்கள் மங்களூர்ப் பக்கம் ஆண் கஞ்சா இழுத்தால் 'உடம்பு அலுப்பு' என்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண், ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதிய மீத்தைல்ஃபெனிடேட் விழுங்கினால் 'மாத்திரைக்கு அடிமை'.

1985 போதைப்பொருள் சட்டத்தில் இரண்டும் வருகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாத்திரைக்கு அளவு உண்டு, ஆய்வு உண்டு, ரத்த அழுத்தம் பார்க்க மருத்துவர் உண்டு. கஞ்சாச் சாற்று மருந்தை 30 பேரிடம் சோதித்த 2017 லண்டன் ஆய்வு, முதன்மை அளவீட்டில் உறுதியான பலனைக் காணவில்லை. அவளிடம் போய் 'மூலிகைதானே' என்காதீர்கள்.

துள்ளும் பையனுக்கு நோய், ஜன்னலை வெறிக்கும் பெண்ணுக்குச் சோம்பல் என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான். குழம்பு தீய்ந்ததற்குத் திட்டு வாங்கியே நாற்பதைத் தொட்டவளுக்கு முதலில் வேண்டியது பரிசோதனை.