விழுந்த மரங்களுக்கு அடியில் ஒரு குடும்பம்

கையுறை அணிந்த ஒருவர் உள்ளங்கை நிறைய ஒரு நீலக்கண் குட்டியை ஏந்தி நிற்கும் படம் வட அமெரிக்க வனவிலங்குச் செய்திகளில் அவ்வப்போது வரும். லின்க்ஸ் எனப்படும் காட்டுப்பூனையின் குட்டி அது. காதுநுனியில் கறுப்பு மயிர்க்குச்சமும் குட்டை வாலும், பனியில் புதையாத அகன்ற பாதமும் இதன் அடையாளங்கள். படத்தைப் பார்ப்பவர்களில் ஒரு சாரார், 'தாயிடமிருந்து ஏன் பிரித்தார்கள்?' என்று கோபப்படுகிறார்கள். இன்னொரு சாரார், 'இத்தனை குட்டிகளா, இனி இந்த இனத்துக்குக் கவலையில்லை' என்று நிம்மதி அடைகிறார்கள். கோபம், நிம்மதி இரண்டுமே கொஞ்சம் அவசரமானவை.

முதலில் கோபத்தைப் பார்ப்போம். கனடா லின்க்ஸைக் குளிர்காலத்தில் கூண்டு வைத்துப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்தின் கடைசியில் இணைசேரும் பெண், ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மே கடைசி வாக்கில் ஈனுகிறது. அதுவரை பரந்து திரிந்த விலங்கு, திடீரென்று ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். பட்டையிலிருந்து வரும் இடக்குறிகள் ஓரிடத்தில் குவிந்தால், குட்டி போட்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஆட்கள் நடந்தே போகிறார்கள். எத்தனை குட்டி, ஆணா பெண்ணா, என்ன எடை என்று குறித்துக்கொண்டு, மரபணுச் சோதனைக்குச் சிறு மாதிரி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

சில நாள் கழித்துப் போனால் அந்த இடம் காலியாக இருக்கலாம். மனிதவாடை பட்டதால் தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. லின்க்ஸ் தாய்கள் யாரும் தொந்தரவு செய்யாவிட்டாலும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றுகிறவைதான். அதற்காக, போய்வருவதில் தீங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை போய் விரைவாக வேலையை முடிப்பது நியாயம். படம் எடுப்பதற்காக மறுபடி போவதும், இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வதும் நியாயமல்ல என்பது என் கருத்து.

லின்க்ஸ் வளை தோண்டுவதில்லை. ஏற்கனவே இருக்கும் மறைவைத்தான் எடுத்துக்கொள்கிறது. மேற்கு மொன்டானாவில் ஜான் ஸ்குவயர்ஸ் தலைமையிலான குழு 1999 முதல் 2006 வரை 19 பெண் லின்க்ஸ்களின் 57 மறைவிடங்களை ஆராய்ந்தது. அவற்றில் 62 விழுக்காடு விழுந்துகிடந்த மரங்களுக்கு அடியில் இருந்தன. 19 விழுக்காடு, காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்த்திரளுக்குள். மீதி பாறைக்குவியல், வெட்டிப்போட்ட கிளைக்குவியல் போன்ற இடங்களில். பெரும்பாலானவை முதிர்ந்த ஸ்ப்ரூஸ், ஃபிர் காடுகளில்தான். மரங்களைக் களைந்து இடைவெளிவிட்ட காட்டில் இருந்தவை மிகக் குறைவு. வனத்துறைக்காரர் கண்ணுக்குக் 'குப்பையாக' கிடக்கும் காடுதான் இந்தத் தாய்க்குப் பேறுகால அறை. காட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நிம்மதிக்கு வருவோம். ஆண் லின்க்ஸ் குட்டி வளர்ப்பில் தலையிடுவதில்லை. தாய்தான் குட்டிகளைத் தனியே விட்டுவிட்டு இரைதேடப் போகிறது, திரும்பிவந்து பாலூட்டுகிறது. கோடை முதிரும்போது குட்டிகள் அதன் பின்னால் நடக்கத் தொடங்கும். முதல் குளிர்காலம் முழுவதும் கூடவே இருந்துவிட்டு, அடுத்த இணைசேரும் காலம் நெருங்கும்போது பிரியும். ஆகவே ஜூனில் எண்ணிய தலைகள் குடும்பக் கணக்கின் முதல் வரி மட்டுமே. எத்தனை தேறின என்பதைத் தாயின் சுவட்டோடு சேர்ந்துபோகும் சிறிய சுவடுகளை வைத்துக் குளிர்காலப் பனியில்தான் எண்ண முடியும்.

இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் இடையே நிற்பது கனடா லின்க்ஸின் முக்கிய இரையான ஸ்னோஷூ முயல். வடக்கில் இதன் தொகை சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரிகிறது. லின்க்ஸ் தொகையும் ஓரிரு ஆண்டு பிந்தி அதே வழியில் போகிறது. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ரோமத்தோல் கணக்கிலிருந்து சார்லஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும் 1942-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். கனடாவின் யூக்கான் பகுதியில் பின்னால் நடந்த கள ஆய்வுகள் குடும்பத்துக்குள் நடப்பதைக் காட்டின. முயல் மலிந்த ஆண்டுகளில் ஒரு வயதுப் பெண்கள்கூட ஈனுகின்றன. முயல் சரிந்த பிறகு குட்டிகள் குளிர்காலம்வரை தப்புவது ஏறக்குறைய நின்றே போகிறது. கொலராடோவில் 1999 முதல் 2006 வரை 218 லின்க்ஸ்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2003 முதல் அங்கே குட்டிகள் கண்டறியப்பட்டன. ஆனால் 2007, 2008 இரு ஆண்டுகளிலும் ஒரு குட்டிகூடக் கிடைக்கவில்லை. 2009-இல் மறுபடி கிடைத்தன. விழுந்த மரங்கள் அத்தனை ஆண்டும் அங்கேயேதான் கிடந்தன.

அப்படியானால் மறைவிடம் முக்கியமில்லையா என்றால், அது இடத்தைப் பொறுத்தது. ஸ்பெயினின் டொன்யானாவில் ஐபீரிய லின்க்ஸ் முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் ஈனி, சில வாரத்தில் குட்டிகளைப் புதர்களுக்கு மாற்றுகிறது. பொந்துள்ள கிழமரங்கள் அருகிவரும் இடத்தில் அந்தப் பொந்தே தட்டுப்பாடாகிவிடும்.

அதே டொன்யானாவில், எல் அசெபூச்சே இனப்பெருக்க மையத்தில், 2005-இல் கூண்டுக்குள் முதன்முறையாக மூன்று குட்டிகள் பிறந்தன. ஆறு வாரம் ஆனதும் உடன்பிறந்தவை தங்களுக்குள் கடுமையாகச் சண்டையிட்டு, ஒன்று இறந்துபோனது. ரஷ்யாவில் கூண்டில் வளர்ந்த யூரேசிய லின்க்ஸ் குட்டிகளிடமும் இந்தச் சண்டையைப் பார்த்திருந்தார்கள். காட்டு மறைவிடத்தில் சில நிமிடம் எட்டிப்பார்த்துத் திரும்புகிறவருக்கு இது கண்ணில் பட வழியே இல்லை. அதன் பிறகு மையத்தில் அந்த வயதுக் குட்டிகளைக் கேமராவில் விடாமல் கவனித்து, சண்டை முற்றினால் பிரித்துவைக்கத் தொடங்கினார்கள்.