கிணற்று ஆமை

சென்ற மாதம் தஞ்சாவூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் இரண்டு குட்டி ஆமைகள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல் உள்ள அமெரிக்க ஆமைகள். நண்பரின் மகள் தொட்டியருகே போனதும் இரண்டும் காலை அடித்துக்கொண்டு அவள் பக்கமாக நீந்தி வந்தன. "என்னை மட்டும் தெரியும் மாமா, அப்பா போனா வராது" என்றாள். அவள் கையில் தீனி டப்பா இருந்ததை நான் குறிப்பிடவில்லை. உள்ளேயிருந்து நண்பரின் தாயார், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, யாரு கேக்குறா?" என்றார்.

இந்தப் பழமொழிக்கு மேடைப் பேச்சாளர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆமை என்பது ஆமையல்ல, கல்லாமையும் பொறாமையும் முயலாமையும்தான் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜப்தி செய்ய வரும் அமீனாவுக்குப் பக்கத்தில் நிற்பது நான்கு கால் ஆமையேதான். ஆனால் வாசற்படிக்குள் ஆமையை விடாத இதே காவிரிக் கரைக்காரர்கள்தாம் கொல்லைக் கிணற்றுக்குள் அதை இறக்கி வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

வெண்ணாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. உறை இறக்கிய கிணறு. உழவின்போது வயலில் அகப்பட்ட ஆமையை யாரோ கொண்டுவந்து போட்டதாகச் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முந்திய கதை. பாலாமை என்று சிலர் சொல்லும் இனம். ஓட்டின் அடிப்புறத்தில் பின்னங்கால்களை மூடிக்கொள்ளக் கதவுபோல் இரண்டு மடல்கள் இருக்கும். புழுவையும் பூச்சியையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. கொசுப்புழுவைத் தின்பது உண்மைதான். தின்றது எங்கே போகும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. இன்று எந்த மருத்துவரும் இந்த ஏற்பாட்டை ஒப்பமாட்டார்.

அதை நாங்கள் பார்த்ததென்னவோ அபூர்வம். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கும் வேளையில் மூக்கு நுனி மட்டும் நீர்மேல் ஒரு புள்ளியாகத் தெரியும். வாளி தண்ணீரைத் தொட்டதும் மறைந்துவிடும். கோடையில் கிணறு தூர் வாரும் நாள் ஒன்றுதான் அதை முழுதாகக் காணக் கிடைத்த நாள். சேற்றோடு மேலே வரும். பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்பார்கள். தெருப்பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்போம். கழுத்தை நீட்டி எங்களைப் பார்க்கும், அல்லது பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம். மாலையில் மறுபடி வாளியில் வைத்து இறக்கிவிடுவார்கள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "கெணத்தாமை", அவ்வளவுதான். ஆனாலும் அப்பாயி ஒவ்வொரு நாளும் முதல் வாளியை இறக்கும்போது கயிற்றை மெதுவாகத்தான் விடுவார். வேகமாக விட்டால் அதன் தலையில் இடிக்குமாம். அமாவாசைச் சோற்றில் காக்கைக்கு ஒரு பிடி வைத்த கையோடு கிணற்றுக்கும் ஒரு பிடி போகும்.

நண்பரின் மகளிடம் இதைச் சொன்னபோது, "பாக்கவே முடியாதுன்னா எதுக்கு வளக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஊர் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சங்கப் பாடல்களில் ஆமைக்குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளரும் என்றொரு கருத்து உண்டு. ஐங்குறுநூற்றின் 44ஆம் பாட்டில் ஓரம்போகியார் அதை மருதநிலத்துப் பொய்கையில் வைத்துப் பாடியிருக்கிறார். அந்தக் குஞ்சுக்குத் தாய்முகம் எப்படியோ, அப்படித் தலைவனின் மார்பு தலைவிக்கு. குறுந்தொகையின் 152ஆம் பாட்டில் கிளிமங்கலங்கிழார், காதலர் கைவிட்ட காமத்தை ஆமையின் பார்ப்புக்கு ஒப்பிடுகிறார். விலங்கியல்படி இது பிழை. ஆமை மண்ணில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு தாயின் முகத்தைக் காண்பதேயில்லை. வயலும் குளமும் தெரிந்த புலவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். சைவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருந்தது. தீட்சையின் வகைகளைச் சொல்லும்போது பறவை தொட்டு அடைகாப்பதைப் பரிச தீட்சைக்கும், மீன் பார்வையால் குஞ்சு பொரிப்பதாகச் சொல்வதை நயன தீட்சைக்கும், ஆமை தொலைவிலிருந்து நினைத்தே பொரிப்பதாகச் சொல்வதை மானச தீட்சைக்கும் உவமை காட்டுவார்கள். தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் ஆதீனங்கள் வளர்த்த சைவ மரபு இது. விட்டுப்போன தாயை, நினைக்கிற தாயாக மாற்றிக்கொண்டது அந்த மரபு. எங்கள் கிணற்றுக்கு இந்த உவமை நன்றாகப் பொருந்துகிறது. தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கயிற்றை மெதுவாக விட்டோம், அவ்வளவே.

அப்படியானால் ஆமையின் பக்கத்திலிருந்து எதுவுமே இல்லையா? அதன் மூளையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வியன்னா விலங்குக்காட்சிசாலையில் பெரிய நில ஆமைகளுக்கு வண்ணப் பந்தைத் தேர்ந்து கடிக்கப் பழக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அவை பாடத்தை மறக்கவில்லை என்று 2019 வாக்கில் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் கில்பர்ட் வைட், தம் அத்தை வளர்த்த ஆமையைப் பற்றி எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்குத் தீனி வைத்த கிழவி வந்தால் அது தத்தித் தத்தி எதிர்கொண்டு போகுமாம். அந்நியரைச் சட்டை செய்யாதாம். அத்தை இறந்தபின் 1780இல் அது அவரிடம் வந்தது. டிமதி என்று ஆண்பெயரால் அழைக்கப்பட்ட அந்த ஆமை பெண் என்பது அது செத்தபிறகுதான் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கூடவே இருந்தும் இவ்வளவுதான் தெரிந்தது!

ஆமை நம்மை அறியும். அன்பு செலுத்துகிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால்தான் வளர்ப்பேன் என்கிறவர் ஆமை வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி. கண்ணாடித் தொட்டியின் சங்கடம் அங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கும்போது நாணயம் அளவு இருக்கிற குட்டி ஓரடி நீளம் வரை வளரும். முப்பது ஆண்டுகள்கூட வாழும். தொட்டி போதாது, தண்ணீர் நாறும், குழந்தை கல்லூரிக்குப் போய்விடும். முகம் பார்க்க ஆளில்லாதபோது உறவும் முடிந்துவிடுகிறது. சால்மொனெல்லா கிருமி பரவுகிறதென்று 1975இலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளின் விற்பனையை அமெரிக்கா தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. இங்கே வேண்டாதபோது பையில் போட்டுக் கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று கும்பிட்டுவிட்டு வருகிறோம். கேரளத்து நீர்நிலைகளில் இப்படி விடப்பட்ட அமெரிக்க ஆமைகளைப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் சேகரிக்க வேண்டியதாயிற்று. கமலாலயத்திலும் ஹரித்ராநதியிலும் அந்தச் சிவப்புத் தீற்றலைக் காண எனக்கு விருப்பமில்லை. உள்ளூர் ஆமையின் இரையையும் வெயில்காயும் இடத்தையும் அது எடுத்துக்கொள்ளும்.

கோயில் குளம் ஆமைக்கு வேறுவிதமாக உதவியதும் உண்டு. அஸ்ஸாமின் கறுப்பு மெல்லோட்டு ஆமை இயற்கையில் அற்றுப்போனதாக 2002இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. அது தப்பியிருந்தது ஹாஜோ போன்ற இடங்களின் கோயில் குளங்களில். பக்தர்கள் பொரி போட்டார்கள்; ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இப்போது அந்த முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைத் திரும்பவும் காட்டு நீரில் விடுகிறார்கள்.

பழைய கிணற்று வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பாலாமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு. இன்று அதைக் கிணற்றில் போட்டால் குற்றம். குற்றமாக இருப்பதே சரி. ஏறிவர ஒரு திட்டில்லாமல், இணையில்லாமல், வட்டமாகத் தெரியும் ஒரு துண்டு வானத்துக்குக் கீழே அது எத்தனை வருஷம் நீந்தியது என்று நினைத்தால் இப்போது மனம் குறுகுறுக்கிறது. அப்பாயிக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ. கயிற்றை மெதுவாக விட்டது கரிசனத்தால்தானா, கொஞ்சம் குற்ற உணர்வாலுமா என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர் போட்டோம். கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. மண்ணைக் கொட்டுவதற்கு முந்தைய நாள் அப்பா ஆளை இறக்கி ஆமையை எடுக்கச் சொன்னார். வைகாசி மாதம், மேட்டூர் திறக்கவில்லை, வெண்ணாற்றில் மணல்தான். அதனால் சாக்கில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்க் கோயில் குளத்தில் விட்டுவிட்டு வந்தார். அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க தண்ணி கெடக்கா?" கிடக்கிறது என்றார் அப்பா.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் அப்பாயி அதே கேள்வியைக் கேட்பார். அப்பாவும் அதே பதிலைச் சொல்வார். ஒரு சித்திரையில் அந்த வழியாக வந்தபோது, குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாலாமை வறட்சியில் சேற்றுக்குள் புதைந்து மழைவரை மூச்சடக்கிக் கிடக்கும் என்பதை நான் படித்தது வெகு நாள் கழித்துத்தான். அன்று மாலை அப்பாயி என்னிடம் கேட்டார். கழுத்தளவு கிடக்கிறது என்றேன்.