கோணிப்பையை மடித்து வையுங்கள்!



மரம் வளர்ப்போம், நேரம் பொன் போன்றது, இதெல்லாம் நம்ம சுவர் இதழில் நிறைய வந்துவிட்டது. அதனால் நான் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சிட்டு, அப்புறமும் சிரிப்பு வந்தா சிரிங்க.

எனக்கு மூன்று வயசில் ஒரு தம்பி இருக்கான். அவனுக்குப் பூனை என்றால் உயிர். 'மியாவ்' என்று சொல்ல வராமல் 'மாவு' என்பான். அதுவே பூனைக்குப் பேராகிவிட்டது. "மாவு எங்கடி?" என்று ஆயா கேட்டால், அம்மா தோசை மாவைத் தூக்கிக்கொண்டு வருவாங்க. தம்பி காலையில் கண்ணைத் திறந்ததும் தேடுவது அம்மாவை இல்லை, மாவைத்தான். தன் தட்டு இட்லியில் பாதியை அதுக்குப் போடுவான். அது மாதிரியே நாலு காலில் நடப்பான். கிண்ணத்தில் பாலை நக்கிக் குடிக்கப் பார்த்து ஆயாவிடம் அடியும் வாங்கியிருக்கான்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் பூனை மேல் இவ்வளவு ஆசை? எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டில் எல்லாரும் அவனைவிடப் பெரியவங்க. எல்லாரும் அவனை அதட்டுவாங்க. அவனைவிடச் சின்னதாக இருப்பது பூனை ஒன்றுதான். அவன் "வா, உக்காரு, சாப்பிடு" என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தது மாதிரி.

பெரியவங்களுக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவங்க அர்ச்சுனன் தபசு பாறையைப் பார்த்திருப்பீங்க. யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்வது போல நிற்கும். அதன் காலடியில் எலிகள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கியது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூனையை ரொம்ப நாள் கவனித்தவர்தான் அப்படிச் செதுக்க முடியும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் வேறொரு பூனை இருந்தது. அது ஒருநாள் சித்தப்பா மகளைப் பிறாண்டிவிட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திண்டிவனம் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டியிலேயே, பூனையையும் கோணிப்பையில் போட்டுக் கட்டிக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்தார். எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை. அந்தப் பக்கம் சென்னை போகிற பெரிய ரோடு. லாரி ஓயாமல் ஓடும். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எங்க அப்பா கெட்டவர் இல்லை. நம்ம விழுப்புரம் பக்கத்தில் பல வீட்டில் இதுதான் வழக்கம். பூனை பிறாண்டியதா? கோணிப்பையை எடு. இதனால் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் மாவு தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதன் வாலைப் பிடித்து இழுத்தான். அது திரும்பி அவன் மணிக்கட்டில் ஒரு இழு இழுத்துவிட்டது. ரத்தம் எட்டிப் பார்த்தது. வீட்டில் நானும் அவனும்தான். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது காயம் இல்லை, கோணிப்பைதான். தண்ணியில் கையைத் துடைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். அம்மா கேட்டபோது "வேலிமுள்ளு கிழிச்சிடுச்சு" என்று பொய் சொன்னேன். தம்பியும் "முள்ளு, முள்ளு" என்றான். மாவு பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம். டீச்சர் லூயி பாஸ்டர் கதையைச் சொன்னாங்க. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு அவருடைய தடுப்பூசி போடப்பட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் டீச்சர் சொன்னாங்க: "ரேபிஸ் பெரும்பாலும் நாய் மூலமாத்தான் மனுஷனுக்கு வருது. ஆனா பூனை, குரங்கு, கீரி மூலமாவும் வரலாம். அறிகுறி வந்துட்டா அப்புறம் காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம்."

எனக்குக் கை கால் ஜில்லென்று ஆகிவிட்டது. அன்றைக்கு மிச்சம் நடந்த பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் ஆயாவிடம் சொன்னேன். "பூனை பிறாண்டினா ஒண்ணும் ஆவாது. நாய் கடிச்சாத்தான். ஊசின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்க, புள்ள தாங்காது" என்றாங்க. ஆயா சொன்னது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பதினாலு ஊசிப் பயம் மட்டும் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கடைசியில் அம்மாவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினாங்க. இரண்டு கையிலும் சின்ன ஊசி. ரத்தம் வந்த காயம் என்பதால் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டாங்க. தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஆரம்பிக்கச் சில நாள் ஆகும், அதுவரைக்கும் இந்த மருந்துதான் காவல் என்று நர்ஸ் அக்கா விளக்கினாங்க. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாங்க. எல்லாம் இலவசம்தான்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கையில் கோணிப்பை. "புள்ளை முக்கியமா, பூனை முக்கியமா?" என்று கேட்டார்.

அப்போது அம்மா சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். "புள்ளைதான் முக்கியம். அதனாலதான் பூனை இங்கியே இருக்கணும். பத்து நாளு அதைக் கண்ணுல வச்சிப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தூக்கிப் போட்டுட்டா எதைப் பாக்குறது?"

இதில் உள்ள விஷயத்தை டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பூனையோ நாயோ, நோய் முற்றுகிற கடைசி நாட்களில்தான் கிருமி அதன் எச்சிலில் வரும். கடித்த அன்றைக்கு எச்சிலில் கிருமி இருந்தால், 10 நாளுக்குள் அது நோயில் விழும் அல்லது செத்துப்போகும். 10 நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டு ஓடி ஆடினால், அன்றைக்கு அது நோயைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை உடனே ஆரம்பிக்க வேண்டும். பூனையையும் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் கோணிப்பையில் கட்டி விடுகிறவர் என்ன செய்கிறார்? பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, பிள்ளைக்கு உதவக்கூடிய ஒரே சாட்சியை ஊருக்கு வெளியே விடுகிறார். அந்தப் பூனைக்கு நோய் இருந்தால், விட்ட இடத்தில் வேறொரு வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். நோய் இல்லாவிட்டால், ஒரு பாவமும் செய்யாமல் பசியில் சாகும். வளர்த்த பிராணியைப் பட்டினியில் வாடும்படி தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. கோணிப்பை இருக்கிற வீட்டில் பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நானே சொல்லவில்லையே! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். நான்தான் அந்தப் பூனை. காயத்தை மஞ்சளால் மூடிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைத்தேன். சந்தேகப்படும் பிராணிகளிடம் கடி படுபவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயசுக்கும் கீழே உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது நம்ம வயசும், நம்ம தம்பி தங்கச்சி வயசும்தான்.

"சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பூனையே வேண்டாமே" என்று சிலர் சொல்வாங்க. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மல்லாட்டை மூட்டை இருக்கிற வீட்டில் எலி வரும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். அதோடு, மெதுவாகத் தொட வேண்டும், இதுக்கும் வலிக்கும் என்று தம்பி கற்றுக்கொண்டது மாவிடம்தான். பூனையைத் துரத்த வேண்டாம். கீழே எழுதியதைச் செய்தால் போதும்.

1. கடித்தாலும் பிறாண்டினாலும், ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

2. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாள் கடந்துவிட்டது என்று சும்மா இருக்காதீங்க, அப்பவும் போங்க. டாக்டர் சொல்லாமல் ஊசியைப் பாதியில் நிறுத்தாதீங்க.

3. தூங்கும்போதும், சாப்பிடும்போதும், குட்டியோடு இருக்கும்போதும் பூனையைத் தொடக் கூடாது. காதை மடக்கி வாலை அடித்தால் கோபமாக இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுங்க.

4. தூளியில் கைக்குழந்தை இருக்கும்போது பூனையைத் தனியாக அங்கே விடாதீங்க.

5. பூனைக்கும் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு 3 மாசம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் கேளுங்க.

பெரியவங்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை வந்து "பிறாண்டிடுச்சு" என்று சொன்னால் முதலில் திட்டாதீங்க, அடிக்காதீங்க. நான் சொன்ன அன்றைக்கு எங்க அம்மா திட்டியிருந்தால், அடுத்த தடவை தம்பியும் என்னை மாதிரி முள்ளு என்றுதான் சொல்வான்.

மாவு பத்து நாளும் நன்றாகச் சாப்பிட்டது. இப்போதும் திண்ணையில்தான் இருக்கிறது. தம்பி நாலு ஊசியும் போட்டுக்கொண்டான். தழும்பைக் காட்டி எல்லாரிடமும் "மாவு பண்ணுச்சு" என்கிறான். முள்ளு என்று சொல்வதில்லை. அப்பா அந்தக் கோணிப்பையில் மல்லாட்டையைக் கட்டி வைத்துவிட்டார்.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்க. யாராவது என்னை மாதிரி காயத்தை மறைத்து வைத்திருந்தால், எழுத வேண்டாம். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி