உள்ளத்து நோயும் உடன் உழைக்கும் மருத்துவரும்

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். நாவை நீட்டிக் காட்டுகிறோம். அவர் எழுதித் தரும் மருந்தை வாங்கி உண்கிறோம். நம் கடமை அத்துடன் முடிகிறது. உள்ளம் சோர்ந்து வாடும்போதும் இவ்வாறே நடக்கும் என்று நம்மவருட் பலர் எதிர்பார்க்கின்றனர். "இரண்டு முறை அழைத்துச் சென்றோம், அவர் கேள்விதான் கேட்கிறார், ஒரு புத்திமதியும் சொல்லக் காணோம்" என்று கூறி, மூன்றாம் முறை செல்லாது நின்றுவிடுவோரும் உளர். அவர்கள் குறையெனக் கருதுவதே அம்மருத்துவத்தின் உயிர்நிலை என்பதை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ், 1942-இல் வெளியிட்ட நூலிலேயே, தம்மிடம் வந்தோரை 'நோயாளி' என்னாது, உதவி நாடி வந்தவர் என்று பொருள்படும் சொல்லாற் குறித்தார். தம்மைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் ஒவ்வொருவரிடமும் உண்டு. அது தழைக்க இடந்தருவதே தம் தொழில் என்பது அவர் கொள்கை. 1979-இல் எட்வர்டு போர்டின் என்பார், அடைய வேண்டிய குறிக்கோளில் உடன்பாடு, அதற்குரிய வழியில் உடன்பாடு, இருவரிடையே நம்பிக்கை ஆகிய மூன்றும் இக்கூட்டுறவின் உறுப்புகள் என விளக்கினார்.

அவ்வாண்டிலேயே ஆரன் பெக்கும் அவர் தோழர்களும் வெளியிட்ட நூல், இருவரும் சேர்ந்து ஆராயும் முறையை வகுத்துக் காட்டியது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வேற்று மாநிலத்தில் வேலைக்கு வந்த இளைஞன், "என் பேச்சைக் கேட்டு அலுவலகமே நகைக்கிறது" என்று புழுங்குகிறான். "அப்படியெல்லாம் இராது, தம்பி" என்று தேற்றுவது உற்றார் வழக்கம். மருத்துவரோ, "ஒரு வாரம் குறித்து வாருங்கள், யார், எப்போது, எதற்கு நகைத்தார்?" என்கிறார். ஏட்டை இருவரும் பார்க்கின்றனர். நகைத்தவர் ஒருவரே என்று தெரியலாம். உண்மையிலேயே பலர் நகைத்தனர் என்றும் தெரியலாம். முன்னதாயின் எண்ணம் திருந்தும். பின்னதாயின் அதனை எதிர்கொள்ளும் வழியை இருவரும் தேடுவர். எவ்வாறாயினும் கண்டறிந்தவன் அவனே. ஆதலின் அத்தெளிவு அவனுடன் நிற்கும். மருந்து வேண்டிய நோய்க்கு மருந்தும் வேண்டும். அதனை இம்முறை விலக்குவதில்லை.

குடும்பத்தார்க்கும் இதில் பங்குண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கச் செய்து, சிகிச்சையில் துணையாக்கினார். ஆனால் துணை நிற்பது வேறு. துருவிக் கேட்பது வேறு. "உள்ளே என்ன சொன்னாய்?" என்று வீடு திரும்பும் வழியிலேயே வினவுதல் தகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் தவிர, பேசியது மறைவாகக் காக்கப்படுதலை உரிமையாக்கியுள்ளது.

நம் போன்ற புலம்பெயர் குடும்பங்களுக்கு மற்றொரு சிக்கல் மொழி. இந்தியோ ஆங்கிலமோ அறியாத மருமகள், மருத்துவர் முன் கணவனை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு தன் துயரை எங்ஙனம் உரைப்பாள்? துயரில் பாதி அவனைப் பற்றியதாகவே இருக்கலாமன்றோ! இருவர் கூடிச் செய்யும் பணியில் அவள் வாய் அடைபட்டால் பணியே நடவாது. ஆதலின் தமிழறிந்த ஆலோசகரைத் தேடுதல் ஆடம்பரமன்று, தேவை. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உடல் நோய்க்கு வெட்கப்படாத நாம் உள்ளத்து நோயை மட்டும் ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்கிறோம். உற்றார் தொலைவில் இருக்கும் இவ்வாழ்வில் அம்மூடல் உயிரையும் குடிக்கக்கூடும். நம் இல்லத்தில் ஒருவர் வாடக் கண்டால், புத்திமதியைச் சற்றே நிறுத்தி, உடன் சென்று வாயில்வரை விட்டு, வெளியே பொறுமையுடன் காத்திருப்போமாக.