பாதி முகத்தில் நிழல்

ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த 'பேட்மேன்: தி லாங் ஹாலோவீன்' 1996-97இல் 13 இதழ்களாக வெளிவந்தது. பண்டிகை நாட்களில் மட்டுமே கொல்லும் ஒருவரைக் கோத்தம் நகரம் ஓராண்டு முழுவதும் தேடுகிறது. துப்பறியும் கதையாக மட்டும் எடைபோட்டால் இதை நாங்கள் பெரிதாகப் பாராட்ட மாட்டோம். தடயங்கள் அரிது. ஃபால்கோனே மாஃபியா குடும்பத்தைச் சூழ்ந்தோர் ஒவ்வொருவராக மடிவதால்தான் சந்தேகப் பட்டியலே சுருங்குகிறது. பெயர்பெற்ற துப்பறிவாளரான பேட்மேனோ பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்கிறார். விடைக்குப் பின்னும் இன்னொரு விடை வருகிறது. அதை நம்புவதா என்பதில் எங்களுக்குள் இன்றும் உடன்பாடில்லை.

ஆனால் இக்கதையின் மெய்யான மர்மம் வேறு. பேட்மேன், காவல்துறையின் கார்டன், அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் மூவரும் மொட்டைமாடியில் ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள்: சட்டத்தை வளைக்கலாம், முறிக்கலாகாது. அதை முதலில் மீறப்போவது யார்? சேலின் தூரிகை இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அமிலம் டென்ட்டைத் தீண்டுமுன்பே அவர் முகத்தின் பாதி மீண்டும் மீண்டும் இருளுக்குள் போகிறது. எழுத்தாளர் மறைத்த தடயத்தை ஓவியர் கண்ணெதிரே வைத்துவிட்டார். முதல் வாசிப்பில் நாங்கள்தாம் கவனிக்கவில்லை.

2022இல் மறைந்த சேலுக்கு நிறக்குருடு உண்டு. வண்ணமிட்டவர் கிரெகரி ரைட். கொலைக் காட்சிகளில் பக்கம் கறுப்பு வெள்ளையாக வெளிறி, ஓரிரு பொருட்களில் மட்டும் நிறம் தங்குகிறது. வசனமின்றியே அப்பக்கங்கள் அச்சுறுத்துகின்றன. ஜோக்கரின் பற்களைத்தான் இத்தனை நீளமாக வரைந்திருக்க வேண்டாம்.