மண்ணுக்கு ஒரு வருசக் குத்தகை

"எங்கட செம்மண்" என்று பெருமை பேசாத வலிகாமத்தார் இல்லை. அந்த மண்ணில் இப்போது என்ன மிச்சம் என்று கேட்டால்தான் கதை மாறும். வருசம் முழுக்க வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, மரக்கறி; எல்லாத்துக்கும் மூட்டைக் கணக்கில் யூரியா. கீழே இருப்பதோ சுண்ணக்கல். மேலே போட்டது மழையோடு இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கட தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போத்தல்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

இதற்குக் கமக்காரரைத் திட்டுவது லேசு. கொழும்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். வருசம் முடியுமுன்னே பின்வாங்கினார்கள். சேதன விவசாயம் என்ற நல்ல சொல்லைக் கேலியாக்கினதுதான் மிச்சம். வர்த்தமானிக்குப் பயந்து மண் விளையுமா?

மண்ணைத் தேற்றுகிற வழி ஊருக்குத் தெரியாததல்ல. பூவரசங்குழை தாட்டார்கள், பட்டி அடைத்தார்கள், சணல் விதைத்துப் பூக்கிற நேரம் உழுது புரட்டினார்கள். (இப்ப கனபேருக்குச் சணல் எண்டால் படம் எடுக்கிற மஞ்சள் பூ.) ஆனால் சணல் நிற்கிற காலம் காணியில் காசு வராது. குழையின் பலனும் அடுத்தடுத்த போகங்களுக்குத்தான். அப்போது அந்தக் காணி அவர் கையில் இருக்குமா?

இதைத்தான் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. தோட்டம் செய்கிற கனபேருக்குக் காணி சொந்தமில்லை. உரிமையாளர் ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார். குத்தகை வருசத்துக்கு வருசம், வாய்ப்பேச்சில். "இந்தமுறை வித்துப்போடுவம்" என்று ஒரு கோல் வந்தால் சரி. அப்படியான காணிக்கு எந்த மடையன் குழைக்குக் காசு செலவழிப்பான்? எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போகத்தான் பார்ப்பான். நாங்களும் அதைத்தான் செய்வோம்.

வயல் செய்கிற குத்தகைக்காரருக்கு 1958 நெற்காணிச் சட்டம் தொடக்கம் ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தோட்டக்காணிக்கு அதுவுமில்லை. ஆகவே மரநடுகை விழாவுக்கும் 'நிலைபேறான அபிவிருத்தி' செயலமர்வுக்கும் எங்களைக் கூப்பிடாதேங்கோ. ஐந்து வருசக் குத்தகையை எழுத்தில் குடுங்கோ. முதல் வருசம் பாதிக்காசு எடுங்கோ, அவர் சணல் விதைக்கட்டும். ஊர்ப்பாசத்தை முகநூலில் எழுதுகிற காணிக்காரருக்கு இது பெரிய நட்டமில்லை. பசளை மானியத்துக்குப் பதிவு வைத்திருக்கிற கமநல சேவை நிலையம், இந்த உடன்படிக்கையையும் பதிந்து வைத்தால் என்ன?